கருங்கல் என்றால் எந்தக் கருங்கல்?

"மாமா, இரண்டும் கருங்கல்தானே? ஒரே அட்டையில் எழுதி ஒட்டிவிடலாமா?"

எதிர்வீட்டுப் பெண் பிளஸ் ஒன் படிக்கிறாள். பள்ளிக் கண்காட்சிக்குப் பாறைகள் சேர்த்துவரச் சொல்லியிருக்கிறார்கள். மஞ்சள் பையிலிருந்து இரண்டு கற்களை எடுத்து எங்கள் வீட்டு வாசற்படியில் வைத்தாள். ஒன்று, திருவொற்றியூர் கடலோரத்தில் அலைத்தடுப்புக்காகக் கொட்டியிருக்கும் பாறைகளுக்கு இடையில் பொறுக்கிய சில்லு. கரியது, லேசாக நீலம் பாய்ந்தது. மற்றொன்று, சமையல் மேடைக்குப் பலகை அறுக்கும் கடை வாசலில் கிடந்த மூலைத்துண்டு. வெளிர் ரோஜா நிறம். ஒரு பக்கம் மட்டும் கண்ணாடிபோல் மெருகேறியிருந்தது.

நான் கல்லூரியில் நிலவியல் படித்துவிட்டு, பிழைப்புக்கு வங்கியில் நோட்டு எண்ணியவன். படித்ததில் மிச்சம் ஒரு பழைய கைலென்ஸ், பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டுவது. ஓய்வு பெற்ற பிறகு அதை எடுத்துத் துடைக்க ஒரு சாக்குக் கிடைத்தது என்று உள்ளுக்குள் மகிழ்ச்சிதான். "ஒரே அட்டை போதாது, ஒரு கல்லுக்கு அட்டை எழுத ஒரு நிமிடம் போதும், இன்னொன்றுக்கு நூறு ஆண்டுகளுக்கு மேலாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள்" என்றேன். அவள் நம்பவில்லை. இந்தக் கட்டுரை, அன்று மாலை அவளுக்குச் சொன்னதன் விரிவு.

முதலில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். வடசென்னைக்காரனுக்குக் கல் என்பது வந்தேறி. எங்கள் பக்கம் குன்று கிடையாது, பாறை முகடு கிடையாது. வண்ணாரப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் அடித்தளத்துக்குத் தோண்டினால் மணல் வரும், களி வரும், கொஞ்ச நேரத்தில் தண்ணீர் ஊறும். பாறையைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் தெற்கே கிண்டி, பரங்கிமலை, பல்லாவரம் என்று போக வேண்டும். ஆனாலும் எங்களைச் சுற்றிக் கல் இல்லாத இடமில்லை. ராயபுரம் ரயில் தண்டவாளத்தின் கீழே ஜல்லி, ஒற்றியூர்க் கோயிலின் கருவறைச் சுவர், பாட்டி விட்டுப்போன அம்மி, கடலோரம் யானை யானையாகக் கிடக்கும் பாறைகள். எல்லாமே எங்கிருந்தோ ஏற்றி வந்தவை. ஊர்க்காரர்கள் இவை அனைத்துக்கும் வைத்திருக்கும் ஒரே பெயர் கருங்கல்.

அந்தப் பெயரில் தவறில்லை. உடைக்கக் கடினமானது, தண்ணீரில் கரையாதது, பாரம் தாங்குவது என்று வேலை செய்கிறவனுக்குத் தேவையானதை அது சொல்லிவிடுகிறது. கொத்தனாருக்கு அதற்குமேல் தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனால் கல்லிடம் வேறு இரண்டு கேள்விகள் கேட்கலாம். நீ எதனால் ஆனாய்? நீ எப்படி வந்தாய்? பாறைகளை வகைப்படுத்தும் கலை முழுவதும் இந்த இரண்டு கேள்விகளில் அடங்கிவிடும். சிக்கல் என்னவென்றால், சில கற்கள் இரண்டுக்கும் ஒத்த பதில் சொல்லும். சில கற்கள் முதல் கேள்விக்குத் தெளிவாகப் பேசிவிட்டு, இரண்டாவதற்கு வாய் திறக்காது.

ரோஜா நிறக் கல்லை முதலில் எடுத்தோம். மெருகேறிய பக்கத்தை நனைத்து, வெயில் படும்படி சாய்த்து, லென்ஸை வைத்துப் பார்க்கச் சொன்னேன். "மூன்று நான்கு விதமான மணிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன" என்றாள். அதுதான் விஷயம். சாம்பல் நிறத்தில், உடைந்த சோடா பாட்டில் சில்லைப்போல் பளபளப்பது குவார்ட்ஸ். ரோஜா நிறத்திலும் பால் வெள்ளையிலும் கட்டம் கட்டமாக, தட்டையான முகத்துடன் மின்னுவது ஃபெல்ஸ்பார். நடுநடுவே கரும்புள்ளியாக, ஊசியால் நெம்பினால் ஏடு ஏடாகப் பெயர்வது மைக்கா. மைக்காவை நம் ஊரில் காக்காய்ப்பொன் என்பார்கள். இந்த மணிகள் ஒன்றோடொன்று இடைவெளியே இல்லாமல் பின்னிக் கிடக்கின்றன. மணற்கல்லில்போல உருண்டைத் துகள்களைப் பசை போட்டு ஒட்டிய தோற்றம் இல்லை. ஒவ்வொரு மணியும் பக்கத்து மணிக்கு இடம் விட்டு, கிடைத்த சந்தில் தானும் வளர்ந்திருக்கிறது. கிரானைட் என்ற பெயரே லத்தீனில் மணியை, தானியத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்ததுதான்.

மணி பெரிதாக இருக்கிறதே, அதற்கு ஒரு காரணம் உண்டு. சர்க்கரைப் பாகை அப்படியே நாள் கணக்கில் அசையாமல் ஆறவிட்டால் நூலைப் பிடித்துக்கொண்டு கற்கண்டு வளரும். சட்டென்று குளிரவைத்தால் பொடியாகவோ மொத்தையாகவோ இறுகிப்போகும். பாறைக்குழம்பும் அப்படித்தான். தரைக்கு மேலே வழிந்தால் சீக்கிரம் ஆறிவிடும், மணிகளை வெறும் கண்ணால் பிரித்துப் பார்க்க முடியாது. தக்காணத்து பசால்ட் அப்படி வந்தது. தரைக்குப் பல கிலோமீட்டர் கீழே, மேலே கிடக்கும் பாறையைப் போர்வையாகப் போர்த்திக்கொண்டு லட்சக்கணக்கான ஆண்டுகள் மெல்ல ஆறினால், அணுக்கள் தம் இடத்தைத் தேடிப் போய் உட்கார அவகாசம் கிடைக்கும். மணி பெருக்கும். கிரானைட் அப்படி ஆறிய பாறை. குழம்பாக இருந்து இறுகியதால் தீப்பாறை. ஆழத்தில் இறுகியதால், தீப்பாறைகளிலும் ஆழ்நிலைத் தீப்பாறை.

இதைப் பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் போட்டுவிடுகிறார்கள். அந்த ஒரு வரிக்காக நடந்த சண்டை சாதாரணமானதல்ல. 18-ஆம் நூற்றாண்டின் பின்பகுதியில் ஜெர்மனியில் ஆபிரகாம் வெர்னர் என்பவர், ஆதியில் பூமியை மூடியிருந்த ஒரு மகா சமுத்திரத்திலிருந்து படிந்து இறுகியதே கிரானைட் என்று கற்பித்தார். உப்பளத்தில் உப்பு படிவதைப் பார்த்தவர்களுக்கு அது நம்பத்தகுந்ததாகவே இருந்தது. ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் ஹட்டன் அதை ஏற்கவில்லை. 1785-இல் கிளென் டில்ட் என்ற பள்ளத்தாக்கில் ஆற்றுப் படுகையைப் பார்த்தபோது, அங்கிருந்த பழைய பாறையின் விரிசல்களுக்குள் சிவந்த கிரானைட் நரம்பு நரம்பாகப் புகுந்து, அந்தப் பாறையைத் துண்டாடியிருப்பதைக் கண்டார். படிவது மேலிருந்து கீழே வந்து அடுக்காக அமரும்; அடுத்தவன் வீட்டு விரிசலுக்குள் நுழையாது. நுழைய வேண்டுமானால் குழம்பாக இருந்திருக்க வேண்டும். கூடவே இன்னொன்றும் அதில் தெரிந்தது. ஆதியில் எல்லாவற்றுக்கும் முன்னால் வந்தது கிரானைட் என்ற நம்பிக்கையும் உடைந்தது. நுழைந்தவன், நுழையப்பட்டவனுக்கு இளையவன்தானே.

கல்லின் பிறப்பு அதன் முகத்தில் எழுதியிருக்காது. அது பக்கத்துப் பாறையோடு எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதில் இருக்கும். கடை வாசலில் கிடக்கும் மூலைத்துண்டைப் பார்த்து அதன் பிறப்பை நாம் சொல்லிவிட முடிவது, வேறு யாரோ மலையில் ஏறி அந்த உறவைப் பார்த்துவிட்டு வந்ததால்தான்.

இன்று கிரானைட்டுக்கான இலக்கணம் கணக்காகவே இருக்கிறது. பாறையிலுள்ள குவார்ட்ஸையும் இரு வகை ஃபெல்ஸ்பாரையும் மட்டும் எடுத்துக்கொண்டு நூறாக்கினால், குவார்ட்ஸ் 20 முதல் 60 சதவீதம் இருக்க வேண்டும். ஃபெல்ஸ்பாரில் பிளேஜியோக்ளேஸ் என்ற வகை 10 முதல் 65 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அதற்குள் அடங்கினால் கிரானைட். தாண்டினால் பக்கத்து வீட்டுப் பெயர். இது சர்வதேச நிலவியல் அறிவியல் ஒன்றியத்தின் வரைமுறை. எதனால் ஆனது, எப்படி வந்தது என்ற இரண்டு கேள்விக்கும் கிரானைட் நேராகப் பதில் சொல்லிவிடுகிறது. அந்தப் பெண் அட்டையில் எழுதிக்கொண்டாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

இனி கறுப்புக் கல்.

கடலோரத்திலிருந்து எடுத்த சில்லு என்பதால் ஒரு பக்கம் உப்பும் அழுக்கும் ஏறிப் பழுப்பாக இருந்தது. அந்தப் பக்கம் எதையும் சொல்லாது. துணியில் சுற்றிச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டிப் புதிய முகத்தைத் திறந்தோம். புதிதாக உடைந்த முகத்தில் எண்ணெய் தடவியதுபோல ஒரு மினுமினுப்பு. அதுதான் இந்தக் கல்லின் அடையாளம். கையால் தொட்டுப் பார்த்தாள், பிசுக்கு ஒட்டவில்லை. லென்ஸில் பார்த்தால் குவார்ட்ஸ் இருக்கிறது, ஆனால் கண்ணாடி வெளுப்பில் இல்லை, நீலச் சாம்பலாக இருக்கிறது. ஃபெல்ஸ்பார் இருக்கிறது, ஆனால் வெள்ளையும் இல்லை ரோஜாவும் இல்லை, பச்சை கலந்த பழுப்பு. காக்காய்ப்பொன்னைத் தேடினால் கிடைப்பது அரிது. அதன் இடத்தில், ஏடாகப் பெயராத, கரும்பழுப்பான கட்டை மணிகள். அவை பைராக்ஸீன் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஹைப்பர்ஸ்தீன் என்று நெடுங்காலம் அழைக்கப்பட்டவை.

ஆக, குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும் கிரானைட்டில் உள்ளவைதான். அளவும் ஏறத்தாழ அந்த எல்லைக்குள்தான். மாறியிருப்பது மைக்காவின் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஆள். அந்த ஓர் ஆள் மாறியதற்காகக் கல்லுக்குத் தனிப்பெயர் வைத்தார்கள்: சார்னோகைட்.

பெயர் வந்த கதை நம் ஊரில் தொடங்கி ஒரு கல்லறையில் முடிகிறது. கிழக்கிந்திய கம்பெனியின் அதிகாரி ஜாப் சார்னாக், கல்கத்தாவில் கம்பெனி குடியேற்றத்தை நிறுவியவர். அவர் இறந்த பிறகு அங்கே எழுப்பிய கல்லறைக்குப் பலகை, சென்னைப் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போன கருங்கல். இருநூறு ஆண்டுகள் கழித்து, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் இருந்த தாமஸ் ஹாலண்ட், பல்லாவரம், பரங்கிமலைக் குன்றுகளின் பாறையை ஆராய்ந்தார். கல்கத்தாக் கல்லறைக் கல்லும் இதே இனம் என்று கண்டு, 1893-இல் அந்த மனிதரின் பெயரையே பாறைக்குச் சூட்டினார். உலகத்தில் எங்கே இந்தப் பாறை கிடைத்தாலும், நார்வேயானாலும் அண்டார்க்டிகாவானாலும், ஒப்பிட்டுப் பார்க்க மூலப்படி நம் பரங்கிமலைப் பக்கத்துக் கல். நீலகிரியும் சேர்வராயன் மலையும் பெருமளவு இதே பாறைதான். ஆனால் பேர் பெற்றது, கல்லை வெட்டிய ஊரல்ல, கல்லுக்குக் கீழே படுத்திருந்தவர். இது எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான். பல்லாவரைட் என்று வைத்திருந்தால் என்ன குறைந்திருக்கும்?

இந்தக் கல் வடசென்னைக்கு வந்த வழியும் சொல்ல வேண்டியதே. 1870-களில் சென்னைத் துறைமுகத்துக்குக் கடலுக்குள் அலைத்தடுப்புச் சுவர் எழுப்பத் தொடங்கியபோது, பல்லாவரம் பக்கத்துக் குவாரிகளிலிருந்து பாறைகள் ரயிலில் வந்தன. 1881 நவம்பர் புயல் அந்தச் சுவரைச் சிதைத்தது, மறுபடி கட்டினார்கள். நம் கரையில் அலைகள் ஆண்டு முழுவதுமான கணக்கில் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துபவை. சுவர் அதை மறித்தது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே, வரவேண்டிய மணல் வராமல் ராயபுரம் முதல் எங்கள் பக்கம் வரை கடல் கரையைத் தின்றது. தெருக்களையே இழந்த மீனவக் குப்பங்கள் உண்டு. அந்த அரிப்பைத் தடுக்க மறுபடியும் கல்லையே கொண்டுவந்து கொட்டினார்கள். கல்லால் வந்த வினைக்குக் கல்லே மருந்து. அந்த மருந்தில் உடைந்த ஒரு சில்லுதான் இப்போது என் வாசற்படியில்.

சரி, இது எப்படிப் பிறந்தது?

பாறைகளைப் பிறப்பை வைத்து மூன்று வீட்டில் குடியமர்த்துவார்கள் என்பது பள்ளியிலேயே தெரியும். குழம்பு இறுகியது தீப்பாறை. துகள்களோ கரைசலோ படிந்து இறுகியது படிவுப் பாறை. ஏற்கெனவே இருந்த பாறை, முழுக்க உருகாமலேயே வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் குணம் மாறினால் உருமாறிய பாறை. சுண்ணாம்புக் கல் சலவைக்கல் ஆவதுபோல. சார்னோகைட் எந்த வீடு? ஹாலண்ட் தயங்கவில்லை, தீப்பாறை என்றார். மணிகள் பின்னிக் கிடக்கும் விதம் கிரானைட்டைப்போல் இருந்ததால் அது இயல்பான முடிவு. பின்னால் வந்தவர்கள் மலைகளைக் கூர்ந்து பார்க்கப் பார்க்க, அதில் சந்தேகம் முளைத்தது.

சந்தேகத்தின் வேர் தண்ணீர். மைக்காவின் உடம்புக்குள் தண்ணீரின் கூறு கட்டுண்டு கிடக்கிறது. பைராக்ஸீனில் அது இல்லை. மைக்கா உள்ள ஒரு பாறையைத் தரைக்கு 20 கிலோமீட்டருக்கும் கீழே அமுக்கி, 700 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேற்றினால், மைக்கா அங்கே நிலைக்க முடியாது. அது பக்கத்துக் குவார்ட்ஸோடு வினைபுரிந்து, தன்னிடமுள்ள நீரை வெளியேற்றிவிட்டு, பைராக்ஸீனும் ஃபெல்ஸ்பாருமாகப் பிரியும்.

காசிமேட்டில் இதை விளக்குவது எளிது. நெத்திலி கருவாடாவதைப் பாருங்கள். மீன் அதே மீன்தான், முள்ளும் சதையும் அதே. உள்ளிருந்த நீர் போனது. நிறம் மாறியது, உறுதி மாறியது, குணமே மாறிவிட்டது. யாரும் அதை உருக்கி மறுபடி வார்க்கவில்லை. சாம்பல் நிறமான பழைய பாறை ஒன்று இப்படிக் கருவாடானால் கிடைப்பது சார்னோகைட்.

"அத்தனை சூட்டில் உருகிவிடாதா?" என்று அவள் கேட்டாள். நல்ல கேள்வி. ஈரம் இருந்தால் உருகிவிடும். தண்ணீர் கூட இருக்கும்போது கிரானைட் ஆழத்தில் 650, 700 டிகிரியிலேயே உருகத் தொடங்கும். தண்ணீர் இல்லாவிட்டால் அதைவிட இருநூறு, முந்நூறு டிகிரி கூடுதலாக வேண்டும். நீரை இழந்த பாறை சூட்டைத் தாங்கும். காய்ந்ததால் பிழைத்தது என்று சொல்லலாம்.

வெறும் ஊகமாக இருந்த இதைக் கண்முன் காட்டும் இடம் ஒன்று இருக்கிறது. பெங்களூரிலிருந்து மைசூருக்கு ரயிலில் போகும்போது ராமநகரத்தில் மொட்டைப் பாறைக் குன்றுகள் தெரியும். அவை அசல் கிரானைட். க்ளோஸ்பெட் கிரானைட் என்று பெயர். ராமநகரத்தின் பழைய பெயர் க்ளோஸ்பெட், அதுவும் பாரி க்ளோஸ் என்ற கம்பெனி அதிகாரியின் பெயரில் வந்தது. கம்பெனிக்காரர்கள் நம் பாறைகளைக்கூட விட்டுவைக்கவில்லை. அங்கிருந்து தெற்கே கப்பால்துர்கா என்ற இடத்துக் குவாரி நிலவியல்காரர்களுக்கு ஒரு திருத்தலம். வெள்ளையும் சாம்பலும் வரிவரியாக ஓடும் நீஸ் என்ற உருமாறிய பாறைச் சுவரில், விரிசல் ஓடிய வழியெல்லாம் கரும்பச்சைத் திட்டுகள். எண்ணெய் சிந்தி ஊறியதுபோல இருக்கும். அந்தத் திட்டுதான் சார்னோகைட். வெளியே தெளிவாக ஓடிவரும் வரிகள் திட்டுக்குள் நுழைந்ததும் மங்கி, கலைந்துபோகின்றன. ஒரே பாறை, கையகல தூரத்தில் பாதி நீஸ், பாதி சார்னோகைட். உருமாற்றம் நடந்துகொண்டிருக்கும்போதே அடுப்பை அணைத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். 1960-இல் சி.எஸ்.பிச்சமுத்து என்ற நிலவியலாளர் இதை உலகுக்கு எடுத்துச் சொன்னார். ஆழத்திலிருந்து விரிசல் வழியே ஏறிவந்த கரியமில வாயு செறிந்த ஆவி, பாறையிலிருந்த நீரை விரட்டியது என்பது இதற்குப் பலர் தரும் விளக்கம். கிளென் டில்ட்டில் ஹட்டன் பார்த்த விரிசலும் இங்கே பார்க்கும் விரிசலும் எதிரெதிர்ச் சாட்சி சொல்கின்றன. அங்கே விரிசலில் நுழைந்தது குழம்பு. இங்கே நுழைந்தது ஆவி, பாறை இருந்த இடத்திலேயே மாறியது.

அப்படியென்றால் வழக்கு முடிந்தது, உருமாறிய பாறை என்று எழுதிவிடலாமே? முடியாது. வேறு இடங்களில், நீர் குறைந்த, மிகச் சூடான பாறைக்குழம்பு ஆழத்தில் ஆறும்போது நேரடியாகவே பைராக்ஸீன் மணிகளை வளர்த்திருக்கிறது. அதுவும் சார்னோகைட்தான்; அது சந்தேகமில்லாத தீப்பாறை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கைலென்ஸ் என்ன, கல்லூரியில் வகுப்பெடுப்பவர்களே திணறுவார்கள். சென்ட்ரலுக்குத் திருவொற்றியூரிலிருந்து மெட்ரோவிலும் வரலாம், பஸ்ஸிலும் வரலாம். வாசலில் நிற்கும் ஆளைப் பார்த்து எதில் வந்தார் என்று சொல்ல முடியுமா? சட்டைப்பையில் டிக்கெட் இருந்தால் சொல்லலாம்.

பாறைக்கும் அப்படி ஒரு டிக்கெட் உண்டு. கல்லை அறுத்து, கண்ணாடியில் ஒட்டி, 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்ப்பார்கள், தலைமுடியைவிட மெல்லியது. அந்தக் கனத்தில் கருங்கல்லிலும் வெளிச்சம் ஊடுருவும். நுண்ணோக்கியின் மேடையைச் சுற்றினால் ஹைப்பர்ஸ்தீன் மணி ரோஜாவிலிருந்து பச்சைக்கு நிறம் மாறும். கல்லூரியில் அதை முதன்முதலில் பார்த்த நாள் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது; கறுப்பு என்று நினைத்த கல்லுக்குள் அப்படி ஒரு நிறம். ஆனால் இது, எதனால் ஆனது என்ற முதல் கேள்விக்குத்தான் பதில். வந்த வழியைச் சொல்வது சிர்க்கான் என்ற நுண்ணிய மணி. கடுஞ்சூட்டிலும் லேசில் கரையாதது. மரத்தின் வளையம்போலச் சுற்றுச் சுற்றாக வளர்வது. அதற்குள் சிக்கிய யுரேனியம் ஒரு மாறாத கதியில் ஈயமாக மாறிக்கொண்டிருப்பதால், ஒவ்வொரு சுற்றும் எப்போது வளர்ந்தது என்று கணக்கிட முடியும். உட்சுற்று ஒரு வயதையும் வெளிச்சுற்று அதற்குப் பிந்திய வயதையும் காட்டினால், அந்தக் கல்லுக்கு இரண்டு பிறப்பு. முதலில் ஒரு பாறையாகப் பிறந்து, பிறகு ஆழத்தின் உலையில் மறுபடி ஒருமுறை பிறந்திருக்கிறது.

சென்னைப் பக்கத்துச் சார்னோகைட், சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் அப்படி ஓர் உலையில் இருந்தது. அதில் உருமாற்றத்தின் முத்திரை அழுத்தமாகவே விழுந்திருக்கிறது. எனவே பல்லாவரத்துக் கல்லை உருமாறிய பாறை என்று சொல்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. ஆனால் வேடிக்கை பாருங்கள்: கிரானைட்டுக்கு எல்லை வகுத்த அதே சர்வதேச வரைமுறையில் சார்னோகைட் என்ற பெயர் தீப்பாறைப் பகுதியில்தான் வருகிறது. பைராக்ஸீன் உள்ள கிரானைட் என்று. பல சார்னோகைட்டுகள் உருமாற்றத்தில் வந்தவையாக இருக்கலாம் என்பது அதை வகுத்தவர்களுக்கும் தெரியும். ஆனாலும் எதனால் ஆனது என்பதை அளந்துவிடலாம், எப்படி வந்தது என்பதை வாதாடித்தான் நிறுவ வேண்டும். அளக்க முடிந்ததை வைத்துப் பெயரிடுவது நடைமுறைக்கு உகந்தது. இதில் எனக்குச் சண்டையில்லை.

பெயரிடுவது எதற்காக என்பதைப் பொறுத்து வகை மாறுவது நமக்குப் புதிதுமல்ல. சிற்பிகள் கல்லை உளியால் தட்டிக் கேட்பார்கள். கணீரென்று மணியோசை வந்தால் ஆண் கல், மூலவருக்கு ஆகும். ஓசை மென்மையானால் பெண் கல், அம்மனுக்கும் பீடத்துக்கும். ஓசையே எழாவிட்டால் தரைக்குப் பாவலாம். அவர்களுடைய கேள்வி, உள்ளே விரிசல் இருக்கிறதா, உளிக்கு வசப்படுமா என்பது. அதற்கு அந்த வகைப்பாடு கச்சிதம். அவர்களுக்கும் முன்னால் கல்லைத் தேர்ந்தெடுத்த ஒருவர் இருந்தார், கற்காலத்தில் கோடரி செய்தவர். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் கண்டெடுத்த கற்கோடரி, இந்தியாவின் கற்கால ஆராய்ச்சிக்கே தொடக்கம். சுற்றிலும் சார்னோகைட் குன்றுகள். கோடரி செய்தவர் அதைத் தொடவில்லை. செதுக்கினால் கூரான விளிம்பு விட்டுப் பெயரும் குவார்ட்சைட் என்ற வேறொரு பாறையைத் தேர்ந்திருந்தார். உலகின் முதல் பாறை வகைப்பாடு, வெட்டும் வெட்டாது என்ற இரண்டே பிரிவாக இருந்திருக்கும்.

இன்றைக்கு எல்லாவற்றிலும் மோசமான வகைப்பாடு மெருகுப் பலகைக் கடையில் இருக்கிறது. அங்கே மெருகேறும் கல் எல்லாமே கிரானைட். என் வீட்டுச் சமையல் மேடைக்குக் 'கறுப்பு கிரானைட்' என்று வாங்கினோம், நட்சத்திரம் சிதறியதுபோலப் பொன் புள்ளிகள் உள்ளது. ஆந்திரத்தில் ஓங்கோலை அடுத்த சீமகுர்த்தியில் வெட்டுகிறார்கள். அதில் கிரானைட்டுக்கு வேண்டிய குவார்ட்ஸ் இல்லை. காப்ரோ என்ற இனத்தைச் சேர்ந்தது. அந்தப் பொன் புள்ளிகளோ, சார்னோகைட்டுக்குப் பெயர் வாங்கித் தந்த அதே பைராக்ஸீன் குடும்பம். கடைக்காரரிடம் சொன்னேன். "சார், அப்போ வேற கல் காட்டட்டுமா?" என்றார். பில் போட்டாகிவிட்டது, பேசாமல் வந்துவிட்டேன். காஷ்மீர் ஒயிட் என்று ஒரு வெள்ளைப் பலகை உண்டு, சிவப்புப் புள்ளி தெளித்தது. அது காஷ்மீரைப் பார்த்ததே இல்லை, நம் மதுரைப் பக்கத்துக் கல். புள்ளிகள் கார்னெட் என்ற மணிகள், உருமாற்றத்தில் வளர்ந்தவை. ஆக, பெயரில் ஊரும் தவறு, இனமும் தவறு.

வெறும் கண்ணால் பிரித்தறிய ஒரு வழி வேண்டுமென்றால் இதைச் சொல்வேன். புதிதாக உடைத்த முகத்தைப் பாருங்கள், மெருகேற்றிய முகம் ஏமாற்றும், வெயில் மழையில் கிடந்த முகம் அதைவிட ஏமாற்றும். மணிகள் வெளுப்பாக, காக்காய்ப்பொன் மின்னினால் கிரானைட் பக்கம் சாயுங்கள். எல்லா மணியும் ஒரே கருநீலத்தில் முங்கி, எண்ணெய் மினுமினுப்பு இருந்தால் சார்னோகைட். வரிவரியாக ஓடினால் நீஸ். மணியே தெரியாத கன்னங்கறுப்பு என்றால் பசால்ட் அல்லது அதன் உறவினர். சென்னையில் கட்டடத்துக்கு வரும் முக்கால் அங்குல ஜல்லியை ஒரு கை அள்ளிப் பார்த்தாலே சார்னோகைட் சிக்கிவிடும். எம் சாண்ட் என்ற பெயரில் பொடியாகி வருவதிலும் அது உண்டு.

இருட்டிவிட்டது. அந்தப் பெண் இரண்டாவது அட்டையை எடுத்தாள். பெயர்: சார்னோகைட். ஆனவை: குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார், பைராக்ஸீன். வகை என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டுப் பென்சிலை எடுத்து, 'உருமாறிய பாறை' என்று சிறிதாக எழுதினாள். டீச்சர் வேறு சொன்னால் அழித்துக்கொள்ளலாமாம். கடைசிக் கட்டம், கிடைத்த இடம். திருவொற்றியூர் என்று எழுதிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இங்கே கிடைத்தது சரி, ஆனால் இது இங்கே பிறக்கவில்லையே" என்றேன்.

"அப்போ எந்தக் குவாரி என்று எழுதட்டும்?"

எனக்குத் தெரியவில்லை. கல் கொட்டிய லாரிக்காரருக்குத் தெரிந்திருக்கும். அவள் யோசித்துவிட்டு, திருவொற்றியூருக்குப் பக்கத்தில் ஒரு வளைவுக்குறி போட்டு 'லாரியில் வந்தது' என்று சேர்த்துக்கொண்டாள்.